நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

1870ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஹ்யூபர்ட் ஏரி என்ற மருத்துவர் தன் கண்முன் தோன்றி மறைந்த ஒரு காட்சியைப் படிப்படியாக வரைந்து வெளியிட்டார். முதலில் பார்வையின் மையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னப் பொட்டு. பிறகு அது வளைந்து பிறையாகிறது. பிறையின் வெளிவிளிம்பு வழுவழுப்பாக இல்லை. பழைய ஐரோப்பியக் கோட்டைகளின் மதில் முனைமுனையாக வெளியே நீட்டிக்கொண்டு போகுமே, அப்படி மடிந்து மடிந்து போகிறது. அந்த மடிப்புகள் ஓயாமல் துடிக்கின்றன, கொதிக்கின்றன என்று எழுதினார் ஏரி. பிறையின் உட்பக்கம் எதுவுமே தெரிவதில்லை. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பிறை விரிந்து விரிந்து பார்வையின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்தும் வெளியேறிவிடுகிறது. பிறகு தலைவலி வருகிறது. சில சமயம் வருவதில்லை.

ஏரியின் தந்தை ஜார்ஜ் ஏரி இங்கிலாந்தின் அரசு வானியலாளர். அவருக்கும் இதே காட்சி வந்துபோனது. மகனுக்கு முன்பே, 1865இல், அவர் அதைப் பற்றி எழுதியிருந்தார். வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கும் இது உண்டு. நட்சத்திரங்களின் நகர்வை அளந்து பழகியவர்கள் தங்கள் பார்வைக்குள் நகர்ந்த ஒன்றையும் அதே கவனத்தோடு பார்த்ததை இந்தத் துறையின் நல்லூழ் என்றே சொல்வேன். ஏனென்றால், இந்தக் காட்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கான விடை முழுவதும் அதன் நகர்வில்தான் இருந்தது.

மருத்துவர்கள் இதை ஆரா என்கிறார்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, எல்லாத் தடவையும் இல்லாவிட்டாலும் சில தடவையாவது, வலிக்கு முன் ஆரா வரும். அப்படி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பார்வையில்தான் வரும். படித்துக்கொண்டிருக்கும் சொல்லில் நடு எழுத்து ஒன்று காணாமல் போகும். எதிரே நிற்பவரின் மூக்கு தெரியும், ஒரு கண் தெரியாது. வெயிலையோ பல்பையோ நேராகப் பார்த்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வெயிலைப் பார்த்ததால் வந்த கறை மங்கிக்கொண்டு போகும். இது வளர்ந்துகொண்டு போகும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி நோயறிதல் முடிந்தது.

நம் ஊரில் இதற்குப் பித்தம் ஏறிவிட்டது என்பார்கள். கண்ணாடியை மாற்று என்பார்கள். சர்க்கரை குறைந்திருக்கும், ஏதாவது சாப்பிடு என்பார்கள். கண் மருத்துவரிடம் போனால் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிடுவார், அது உண்மையும்கூட. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணைப் பொத்த வேண்டும். பிறகு அதைத் திறந்து மற்றதைப் பொத்த வேண்டும். கோளாறு கண்ணில் இருந்தால் ஒரு கண்ணில் மட்டும் தெரியும். ஆரா இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில், ஒரே வடிவத்தில் தெரியும். இரண்டையும் மூடினாலும் துடிப்பு நிற்காது. இரு கண்களின் செய்தியும் ஒன்றுசேரும் இடம் பிடரிப் பக்கம் இருக்கும் பார்வைப் புறணி; மூளையின் மேற்பரப்பில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள நரம்பணுப் படலம். காட்சி நடப்பது அங்கே.

அது நடக்கும் வேகத்தை முதன்முதலில் கணக்கிட்டவர் கார்ல் லாஷ்லி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். நினைவு மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று வாழ்நாளெல்லாம் தேடியவர். அவருக்கும் ஆரா வரும். வரும்போதெல்லாம் ஒரு தாளில் புள்ளி வைத்து, கண்ணை அதிலிருந்து அசைக்காமல், குருட்டுப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டு வரைந்தார். வலி தொடங்கப்போகிறது என்று தெரிந்தும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். மையத்திலிருந்து ஓரத்துக்குப் போகப் பிறை எடுத்துக்கொண்ட நேரம் தாளில் இருந்தது. மனிதப் பார்வைப் புறணியில் மையத்துக்கும் ஓரத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பது உடற்கூறியலில் இருந்தது. ஒன்றை மற்றதால் வகுத்தார். ஏதோ ஒன்று புறணியின் மேல் நிமிடத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் முன்விளிம்பு நரம்பணுக்களைக் கடுமையாகத் தூண்டுகிறது, பின்னால் வரும் பகுதி அவற்றை முற்றிலும் அடக்கிவிடுகிறது என்று 1941இல் எழுதினார். மூளையைத் தொடாமல், கருவி எதுவும் இல்லாமல், தாளையும் பென்சிலையும் வைத்து மூளைக்குள் நடக்கும் ஒன்றின் வேகத்தை அளந்த ஆய்வு இது. நரம்பியலில் இதைவிடச் சிக்கனமான ஆய்வு வேறொன்றை நான் படித்ததில்லை.

மூன்று மில்லிமீட்டர் எவ்வளவு மெதுவானது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நரம்புச் செய்தி மிக மெல்லிய இழையில்கூட ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் போகும். லாஷ்லியின் அலை அதைவிட இருபதாயிரம் மடங்கு மெதுவாகப் போகிறது. அப்படியானால் இது நரம்புகள் தமக்குள் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் பேச்சு அல்ல. வேறு ஏதோ ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் கசிந்து பரவுகிறது.

ஏரி வரைந்த படத்தில் இருந்த இன்னொரு புதிரும் இதோடு அவிழ்கிறது. பிறை மையத்துக்கு அருகே ஊர்ந்து, ஓரத்துக்குப் போகப்போக வேகமெடுக்கும். உண்மையில் அலை ஒரே வேகத்தில்தான் போகிறது. ஆனால் புறணியில் பார்வையின் வரைபடம் சமமாக விரிக்கப்படவில்லை. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நாம் பயன்படுத்துவது நடுப்பார்வை என்பதால், மையத்தைச் சுற்றிய 10 பாகை அளவு பார்வைக்கே முதன்மைப் பார்வைப் புறணியில் ஏறக்குறைய பாதி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் பரந்த வெளி முழுவதும் மறுபாதிக்குள் சுருங்கிக் கிடக்கிறது. ஆகவே மையத்தில் மூன்று மில்லிமீட்டர் என்பது ஓரிரு எழுத்துகளின் அகலம். ஓரத்தில் அதே மூன்று மில்லிமீட்டர் ஒரு கதவின் அகலம்.

கோட்டை மதில் மடிப்புகளுக்கும் இப்படியொரு விளக்கம் உண்டு. டேவிட் ஹ்யூபெலும் டோர்ஸ்டன் வீசலும் 1950களின் இறுதியில் தொடங்கிச் செய்த ஆய்வுகளில், பார்வைப் புறணியின் நரம்பணுக்கள் கோடுகளுக்கு இசைகின்றன என்று கண்டார்கள். ஒரு கொத்து நிமிர்ந்த கோட்டுக்குத் துடிக்கும். பக்கத்துக் கொத்து சாய்ந்த கோட்டுக்கு. அதற்கடுத்தது இன்னும் சாய்ந்ததற்கு. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அலையின் முன்விளிம்பு இந்தக் கொத்துகளை வரிசையாகத் தூண்டிக்கொண்டு போனால், வெளியே எந்தக் கோடும் இல்லாமலே வெவ்வேறு சாய்வில் குட்டிக் கோடுகள் தெரியத்தானே வேண்டும்? ஏரி 1870இல் வரைந்தது தன் புறணியின் அமைப்பை என்று இன்று சொல்லலாம். அந்த அமைப்பை மற்றவர்கள் கண்டுபிடிக்க மேலும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

லாஷ்லி தாளில் கண்ட அலையை மூளையின் மேல் கண்டவர் பிரேசில் நாட்டு இளைஞர் அரிஸ்டிடிஸ் லியோ. அவரும் அதே ஹார்வர்டில், மருத்துவக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காகக் காக்கை வலிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். மயக்க மருந்து கொடுத்த முயலின் மூளை மேல் மின்முனைகளை வரிசையாக வைத்து, ஒரு முனையில் சிறு மின்தூண்டல் கொடுத்தார். வலிப்பின் கூரிய அலைகள் எழும் என்பது எதிர்பார்ப்பு. எழவில்லை. தூண்டிய இடத்துக்குப் பக்கத்து மின்முனையில் மூளையின் இயல்பான மின்துடிப்பு தேய்ந்து தட்டைக் கோடானது. சிறிது நேரத்தில் அடுத்த மின்முனையும் அடங்கியது. பிறகு அதற்கடுத்தது. தொடக்கத்தில் அடங்கிய இடம் சில நிமிடங்களில் தானாகவே மீண்டது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடக்கூடிய காட்சிதான் இது. லியோ ஒதுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்து, பரவும் வேகத்தை அளந்து, 1944இல் பரவும் ஒடுக்கம் என்ற பெயரில் வெளியிட்டார். வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்.

இது ஒற்றைத் தலைவலியின் ஆராவாக இருக்கலாம் என்று லியோவும் அவருடைய சக ஆய்வாளர் மாரிசனும் 1945இல் ஒரு வரி எழுதிவைத்தார்கள். ஆனால் லாஷ்லியின் எண்ணையும் லியோவின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்று என்று எடுத்துக்காட்டியவர் கனடாவின் பீட்டர் மில்னர், அது 1958இல். ஒரே பல்கலைக்கழகம், மூன்றே ஆண்டு இடைவெளி. இரண்டு எண்களும் சந்திக்க அதற்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒருவர் உளவியலாளர்களுக்கு அறிமுகமானவர், மற்றவர் உடலியங்கியலாளர்களுக்கு. துறைகளுக்கு இடையே உள்ள சுவர் நோயாளிகளுக்கு எவ்வளவு இழப்பைத் தருகிறது என்பதற்கு இது எனக்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு.

அலை கடக்கும்போது ஒரு நரம்பணுவுக்கு என்ன ஆகிறது? அமைதியாக இருக்கும் நரம்பணு ஒரு மின்கலம். உள்ளே பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வெளியே சோடியம் நிறைய, பொட்டாசியம் ஒரு லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவே. இந்தச் சமமின்மையைக் காப்பாற்றும் வேலையை அணுவின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்புகள் இரவு பகலாகச் செய்கின்றன. மூளை செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு இதற்கே போகிறது. ஓரிடத்தில் நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடித்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் பொட்டாசியம் வெளியே வரும். சுற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவதைவிடக் கசிவது அதிகமாகி, வெளியே பொட்டாசியம் சுமார் 10, 12 மில்லிமோலைத் தாண்டினால் கட்டு உடைகிறது. கூடுதல் பொட்டாசியமே அணுக்களைத் துடிக்க வைக்கிறது; துடிப்பு, நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டைக் கொட்டுகிறது; குளூட்டமேட் சவ்வின் கதவுகளைத் திறக்கிறது; சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன, பொட்டாசியம் வெளியே பாய்கிறது. வெளிப் பொட்டாசியம் 30, 60 மில்லிமோல் வரை ஏறிவிடும். உப்போடு நீரும் உள்ளே போவதால் அணு வீங்குகிறது. செல்களுக்கு இடையே உள்ள இடைவெளி பாதியாகவும் அதற்குக் குறைவாகவும் சுருங்குகிறது. நரம்பணுக் கிளைகளில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் தொடர்புப் புடைப்புகள் எலிகளின் மூளையில் இந்தச் சில நிமிடங்களுக்கு மறைந்து, பிறகு திரும்பி வருவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள்.

மின்கலம் இப்படி ஒரு நிமிடம் போல முற்றிலும் காலியாகிக் கிடக்கிறது. காலியாவதற்கு முந்தைய சில விநாடிகளின் வெறித் துடிப்புதான் நோயாளி காணும் மினுக்கு. காலியான பின் வரும் மௌனம்தான் குருட்டுப் பகுதி. இதற்கிடையே வெளியே வழிந்த பொட்டாசியமும் குளூட்டமேட்டும் அடுத்த அணுக்களைத் தொட்டுவிடுகின்றன. அறுவடை முடிந்த வயலில் தாளுக்கு வைத்த தீயாக அலை முன்னே போகிறது: எரிவது விளிம்பு மட்டும், பின்னால் கருகிய தரை, எரிந்த இடத்தில் உடனே மறுபடி பற்றாது. அலை திரும்பி வராமல் ஒரே திசையில் வெளியேறுவதன் காரணம் இதுதான். ஆனால் கருகிப்போவது எதுவும் இல்லை. பம்புகள் ஓடி உப்புகளை மறுபடி பிரித்து வைக்கின்றன. ஐந்து, பத்து நிமிடங்களில் அணுக்கள் பேசத் தொடங்குகின்றன. போதிய ரத்தமும் ஆக்சிஜனும் உள்ள நலமான மூளையில் ஓர் அலை நிரந்தரச் சேதம் எதையும் விட்டுச்செல்வதில்லை.

வெறும் கண்ணாலேயே இந்த அலையைப் பார்க்க ஓரிடம் உண்டு. விழித்திரையும் மூளையின் ஒரு பகுதிதான். கோழிக்குஞ்சின் விழித்திரையைப் பிரித்தெடுத்து உப்புக் கரைசலில் வைத்து ஊசியால் தொட்டால், தொட்ட இடத்திலிருந்து பால்நிற வளையம் ஒன்று மெல்ல விரிந்து போகும். லியோ பிற்காலத்தில் தலைமை வகித்த ரியோ டி ஜெனிரோ உயிர்இயற்பியல் நிறுவனத்தில் மார்ட்டின்ஸ்-ஃபெரேய்ரா இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வீங்கிய செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்த வெண்மை வருகிறது.

அலை பார்வைப் புறணியோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலருக்கு மினுக்கு ஓய்ந்ததும் விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு தொடங்கும். கை வழியே மேலேறும். பிறகு தோளையும் கழுத்தையும் விட்டுவிட்டு நேராக உதட்டுக்கும் நாக்குக்கும் தாவும். உடம்பில் இது தாவல். தொடு உணர்வுப் புறணியில் கையின் இடத்துக்கு அடுத்த வீடே முகத்தின் இடம், அங்கே தாவல் எதுவும் நடக்கவில்லை. இன்னும் சிலருக்குச் சொல் வராது, அல்லது நினைத்த சொல்லுக்குப் பதில் வேறு சொல் வரும். முதல் தடவை இது நடப்பவருக்கு ஏற்படும் பயத்தை, அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டால்தான் புரியும். பைத்தியம் பிடிக்கிறதோ, பக்கவாதமோ என்று நடுங்கிப்போகிறார்கள். அவர்களிடம் டென்ஷனால் வந்தது என்று சொல்லி அனுப்புவது, நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

இவ்வளவு தெரிந்த பிறகும் பாடப்புத்தகங்களில் வெகுகாலம் வேறொரு கதை ஓடியது. நியூயார்க்கின் ஹரால்டு வுல்ஃப் 1938இல் சக ஆய்வாளர் கிரஹாமுடன் சேர்ந்து, எர்கோட்டமின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பு குறைவதையும் வலி குறைவதையும் அளந்து காட்டினார். அதிலிருந்து வளர்ந்தது ரத்தக்குழாய்க் கோட்பாடு: குழாய் சுருங்கினால் ஆரா, விரிந்தால் வலி. எளிமையாக இருந்ததால் ஊன்றிவிட்டது. இன்றும் பல மருத்துவர்கள் நோயாளிக்கு இதையே சொல்கிறார்கள்.

அதை அசைத்தது கோபன்ஹேகன். யெஸ் ஓலெசனும் அவர் குழுவினரும் கதிரியக்க செனானைக் கழுத்துத் தமனியில் செலுத்தி மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செயல்முறையே சில நோயாளிகளுக்கு ஆராவைத் தூண்டிவிட்டது; அதனால் தொடக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. 1981இல் வெளியான முடிவு இது: ரத்த ஓட்டக் குறைவு பிடரிப் பக்கம் தொடங்கி நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டராக முன்னே நகர்கிறது. ஒரு தமனி சுருங்கினால் அந்தத் தமனி பாயும் நிலம் முழுவதும் ஒருங்கே வறள வேண்டும். இங்கோ ஒரு தமனியின் எல்லையைக் கடந்து அடுத்த தமனியின் எல்லைக்குள் குறைவு சாவகாசமாக நகர்ந்தது. குழாய்கள் வழிகாட்டவில்லை, புறணி போன வழியே குழாய்கள் பின்தொடர்ந்தன. 1990இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: பலருக்கு வலி தொடங்கும்போது ரத்த ஓட்டம் இன்னும் குறைந்தே இருக்கிறது. குழாய் விரிவதால்தான் வலி தொடங்குகிறது என்ற வாதத்துக்கு இதற்குப் பிறகு காலூன்ற இடமில்லை.

எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் வந்த பின் நுஷின் ஹஜிகானியும் பாஸ்டன் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரலாற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது. ஆரா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேன் அறையில் ஆளை உட்கார்த்திவைத்துக் காத்திருக்க முடியாது. அவர்களுக்குக் கிடைத்த ஒரு நோயாளிக்கோ பாஸ்கட்பால் ஆடினால் ஆரா வரும். ஆடவைத்து, உடனே ஸ்கேனுக்குள் படுக்கவைத்தார்கள். மின்னும் கட்டங்களைத் திரையில் காட்டிக்கொண்டே படம் எடுத்தார்கள். முதலில் சிக்னல் ஏறியது, பிறகு விழுந்தது. அந்த ஏற்றமும் வீழ்ச்சியும் பார்வைப் புறணியின் மேல் நிமிடத்துக்கு 3.5 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தன. நோயாளி சொன்ன இடமும் ஸ்கேன் காட்டிய இடமும் பொருந்தின. லாஷ்லி தாளில் வகுத்த விடை அறுபது ஆண்டுகளுக்குப் பின் காந்தப் படத்தில் வந்து நின்றது.

சிலருக்கு மட்டும் இந்த அலை ஏன் எளிதில் கிளம்புகிறது என்பதற்குத் தெளிவான விடை அரிதான ஒரு குடும்ப நோயிலிருந்து வந்தது. அதில் ஆராவின்போது உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும். 1996இல் சிஏசிஎன்ஏ1ஏ என்ற மரபணு, 2003இல் ஏடிபி1ஏ2, 2005இல் எஸ்சிஎன்1ஏ என மூன்று மரபணுக்கள் பிடிபட்டன. முதலாவது, நரம்பு முனையில் கால்சியத்தை உள்ளே விடும் கதவு. பிறழ்வுற்றால் எளிதில் திறந்து குளூட்டமேட் கூடுதலாகக் கொட்டுகிறது. இரண்டாவது, ஆஸ்ட்ரோசைட்டின் சோடியம்-பொட்டாசியம் பம்பு. பிறழ்வுற்றால் வெளியே வழிந்த பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் அள்ளும் வேலை பின்தங்குகிறது. மூன்றாவது, சோடியக் கதவு. அதன் கோளாறும் துடிப்பைக் கூட்டிப் பொட்டாசியத்தைக் கசியவிடுகிறது. வெவ்வேறு குடும்பங்கள், வெவ்வேறு மரபணுக்கள். பழுது மட்டும் ஒரே கணக்கில், கசிவுக்கும் உறிஞ்சலுக்கும் இடையே உள்ள சமநிலையில். முதல் பிறழ்வை எலிகளுக்குள் புகுத்தியபோது (2004) மற்ற எலிகளைவிடக் குறைந்த தூண்டலிலேயே அலை கிளம்பியது, வேகமாகவும் ஓடியது. அந்த எலிகளிலும் பெண் எலிகளுக்குக் கூடுதலாகக் கிளம்பியது, சினைப்பைகளை நீக்கினால் அந்தக் கூடுதல் குறைந்தது. ஈஸ்ட்ரோஜன் புறணியை உசுப்புகிறது என்பதற்கான வலுவான சான்று இது. சாதாரண ஒற்றைத் தலைவலியில் இப்படித் தனி மரபணு எதுவும் இல்லை. 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு 123 இடங்களைச் சுட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் சிறிது.

மூளைக்கு வலி தெரியாது. விழித்திருக்கும் நோயாளியின் மூளையை அறுவை மருத்துவர் வெட்டலாம். வலி தெரிவது அதைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கும் அவற்றின் ரத்தக்குழாய்களுக்கும். அங்கே வலியை எடுத்துச் செல்வது முகத்துக்கும் போகும் ட்ரைஜெமினல் நரம்பு. அப்படியானால் புறணியில் ஓடிய அலை உறைக்கு எப்படித் தெரிகிறது? எலிகளில் அலை கடந்த பிறகு, சராசரியாக 14 நிமிடம் கழித்து, உறையின் வலி நரம்புகள் துடிக்கத் தொடங்கி நீண்ட நேரம் ஓயாதிருந்ததை 2010இல் பதிவுசெய்தார்கள். ஆராவுக்கும் வலிக்கும் இடையே நோயாளிகள் சொல்லும் இடைவெளியோடு ஒத்துப்போகும் கணக்கு இது. 2013இல் துருக்கியைச் சேர்ந்த குழு, அலையின் நெருக்கடியில் நரம்பணுக்களின் பானெக்சின் கதவுகள் திறந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் வெளிவந்து, ஆஸ்ட்ரோசைட்கள் வழியாக உறைக்குச் செய்தி போவதைக் காட்டியது. 2024இல் மைக்கென் நெடர்கார்டின் குழு இன்னொரு வழியைக் கண்டது: அலைக்குப் பின் மூளைத் தண்டுவட நீரின் புரதச் சேர்க்கை மாறுகிறது, அந்த நீர் மண்டையோட்டின் அடியில் இருக்கும் ட்ரைஜெமினல் நரம்புமுடிச்சைப் போய் நனைக்கிறது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள காவல் அங்கே இல்லாததால் வலி நரம்புகளை உசுப்பும் சிஜிஆர்பி போன்ற பொருள்கள் நரம்பணுக்களை நேரடியாகத் தொடுகின்றன. இவை எல்லாம் எலியில் கண்டவை. மனிதரில் எந்த வழி முக்கியம் என்பது தீரவில்லை.

தீராத கேள்வி இன்னும் பெரிதாக ஒன்று இருக்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆரா வருவதே இல்லை. வயதான சிலருக்கு ஆரா மட்டும் வருகிறது, வலி வருவதில்லை. அலைதான் வலிக்குக் காரணம் என்றால் இது எப்படி? பார்வைக்குத் தெரியாத புறணிப் பகுதிகளில் அலை ஓடியிருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. டோனாபெர்சாட் என்ற மருந்தை 2009இல் சோதித்தபோது ஆரா வரும் தாக்குதல்கள் குறைந்தன, ஆரா இல்லாத தலைவலி குறையவில்லை. இரண்டும் ஒரே வழியில் கிளம்பினால் இரண்டுமே குறைந்திருக்க வேண்டும். மறுபக்கம், டோபிரமேட், ப்ரொப்ரனலால், அமிட்ரிப்டிலின், வால்புரோயேட் என்று வெவ்வேறு நோய்களுக்காக உருவான மருந்துகள் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பது தற்செயலாகத் தெரியவந்தது. அவற்றை வாரக்கணக்கில் கொடுத்த எலிகளின் மூளையில் அலை கிளம்புவது வெகுவாகக் குறைவதை 2006இல் கண்டார்கள். மருந்து போட்டு நான்கு நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் அந்த வாரக்கணக்கைக் கவனிக்க வேண்டும்.

ஆரா தீங்கற்றது என்று சொல்லிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது கடமை தவறியதாகும். பக்கவாதத்தின் முன்னோட்டமாக வரும் சிறு அடைப்பும் ஆராவும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். அடைப்பில் எல்லாம் ஒரே நொடியில் நடக்கும். இருந்தது இல்லாமல் போகும்: பார்வை அணையும், கை விழும். ஆராவில் மினுக்கும் ஊசிக்குத்தும் முதலில் வரும். ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு பரவும். ஒன்று முடிந்து இன்னொன்று வரும். ஒரு மணி நேரத்துக்குள் விலகும். முதல் தடவை வந்தாலும், வயது நாற்பதைத் தாண்டிய பின் புதிதாக வந்தாலும், திடீரென்று வந்தாலும், கை கால் பலவீனமானாலும் இந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து எடைபோடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆரா உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இளவயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் இரு மடங்கானாலும் சிறியதுதான். ஆனால் புகைபிடித்தலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஆராவோடு கூடிய ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்கு எந்த வயதிலும் இந்தக் கலப்பு மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாத வகையில் வைத்திருக்கிறது. நம் அரசு நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கப்படும் மாலா-என், மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாலா-டி இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எத்தினைல் எஸ்ட்ரடையால் இருக்கிறது. காப்பர்-டியில் அது இல்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு முறைகளும் இருக்கின்றன. மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்குமுன் செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்: தலைவலி வருமா, வருமுன் கண்ணில் ஏதாவது மினுக்குமா, அது வளர்ந்துகொண்டே போகுமா? கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.